முதல்ல சும்மா ஓட்டுங்க: கிராண்ட்பாஸிலிருந்து ஒரு கார் கேம் வரலாறு

எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருத்தன் போன மாதம் ஃபோர்ஸா ஹொரைசன் 5 இறக்கினான். நூறு ஜீபியைத் தாண்டும் கேம். பகல் டேட்டாவில் கை வைத்தால் வீட்டில் ஏச்சு விழும். அதனால் நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் நைட் டேட்டாவை நம்பி, மூன்று இரவு அலாரம் வைத்து எழும்பி இறக்கினான். கனடாவில் இருந்து வந்த மாமா விட்டுப்போன லேப்டொப், காற்றாடி கத்துகிற கத்தில் பக்கத்து வீட்டு ஆச்சி என்ன சத்தம் என்று கேட்டாராம். நாலாம் நாள் எங்களிடம் வந்து, "அண்ணா, இது எனக்குச் சரிவராது. பத்து நிமிஷத்துல இருபது தரம் மரத்துல அடிச்சிட்டேன்" என்றான்.

என்ன கார் எடுத்தாய் என்று கேட்டோம். கேம் பரிசாகச் சுழற்றிக் கொடுத்த சுப்பர் கார் ஒன்று. செட்டிங்கில் உதவிகள் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறான், யூடியூபில் யாரோ "உண்மையான ஓட்டுநர்" அப்படித்தான் ஓட்டுவான் என்று சொன்னதாம். நேரே ரேஸுக்குள் போயிருக்கிறான். கடைசியாக வந்திருக்கிறான்.

எந்த பட்டனை அழுத்துவது என்று சொல்லிக்கொடுக்க அஞ்சு நிமிஷம் போதும். ஆனால் அவனுக்கு விளங்காதது பட்டன் இல்லை. இந்த வகைக் கேமில் ரேஸ் என்பது ஒரு பகுதிதான், தெருதான் முக்கியம் என்பது அவனுக்கு விளங்கவில்லை. அது எங்களுக்கு எப்படி விளங்கியது என்று யோசித்தபோது கதை 2005 பக்கம் போய் நின்றது. அதைத்தான் இங்கே எழுதுகிறோம். எங்களில் மூத்தவர்கள் அப்போது பதின்மூன்று, பதினாலு வயது. இளையவர்கள் அண்ணன்மாரின் கதிரைக்குப் பின்னால் நின்று பார்த்தவர்கள்.

அதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை. கார் கேம் என்றால் ஆரம்பத்தில் ஓடுபாதைதான். சேகா நிறுவனத்தின் அவுட் ரன் 1986இல் வந்தது. சிவப்புக் கார், கடற்கரை, பக்கத்தில் ஒரு பெண். எந்தக் கிளையில் திரும்புவது என்று தெரிவு செய்யலாம், ஆனால் திரும்பிப் போக முடியாது. வழியில் செக்பாயின்ட்கள் இருக்கும். நேரத்துக்குள் செக்பாயின்டைத் தொட்டால் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும், தொடாவிட்டால் ஆட்டம் முடிந்தது. இந்தச் செக்பாயின்ட் என்ற சொல்லை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதே 1986இல் இங்கிலாந்தில் டியூரல் என்ற சின்ன நிறுவனம் ஸ்பெக்ட்ரம் கணினிக்கு டர்போ எஸ்பிரிட் என்று ஒரு கேம் போட்டது. போதைப்பொருள் கடத்துகிறவர்களை லோட்டஸ் காரில் துரத்த வேண்டும். அது சாட்டுதான். உண்மையான விஷயம், அதில் ஒரு முழு நகரம் இருந்தது. சந்தி இருந்தது, சிக்னல் விளக்கு இருந்தது, ஒருவழிப் பாதை இருந்தது, தெருவில் மனிதர்கள் இருந்தார்கள். துரத்தாமல் சும்மா சுற்றலாம். இன்றைய போன் ஒன்றின் ஒரேயொரு படத்துக்குக்கூடப் போதாத நினைவகத்துக்குள் ஒரு ஊரையே அடக்கியிருந்தார்கள்.

பிறகு 1999. அந்த ஒரே ஆண்டில் இரண்டு கேம். ஒன்று மிட்டவுன் மேட்னஸ்: சிக்காகோ நகரம் முழுக்க உங்களுக்கு. பாதசாரிகள் பாய்ந்து விலகுவார்கள், பஸ்ஸை எடுத்துக்கொண்டு சுற்றலாம். மற்றது டிரைவர். நகரம் நகரமாக ஓட்டலாம், ஆனால் அதற்கு முதல் ஒரு வாகனத் தரிப்பிடத்துக்குள் பரீட்சை. ஹேண்ட்பிரேக், ஸ்லாலம், நூற்றியெண்பது பாகைத் திருப்பம், பின்னால் ஓடிக்கொண்டே திருப்பம், எல்லாவற்றையும் ஒரு நிமிஷத்துக்குள் செய்து காட்ட வேண்டும். உலகம் முழுக்க எத்தனையோ பேர் அந்தத் தரிப்பிடத்தை விட்டு வெளியே வந்ததே இல்லை. வெறஹரவில் லைசன் ட்ரயலுக்குப் போய் மூன்று தரம் திரும்பிவந்த எங்கள் சின்னண்ணன் அந்தக் கேமைப் பற்றி இன்றைக்கும் நல்ல வார்த்தை சொல்ல மாட்டார். புதியவரை வாசலிலேயே வடிகட்டுவது என்ற அந்த யோசனை பிறகு வந்த கேம்களில் மெல்ல மெல்லச் செத்துப்போனது. நல்லதுதான்.

இதெல்லாம் நாங்கள் பின்னால் தேடி அறிந்தது. எங்கள் கைக்கு முதலில் கிடைத்தது நீட் ஃபார் ஸ்பீட் அண்டர்கிரவுண்ட் 2. வெளிவந்தது 2004 நவம்பர். எங்கள் பக்கத்துக் கடைக்கு எப்போது வந்தது என்று சரியாக ஞாபகமில்லை. முன்பக்கம் போட்டோகொப்பி, ரீலோட், வெளிநாட்டுக் கோல். பின்பக்கம் திரைச்சீலைக்கு அங்கால் ஐந்து கணினி. மணித்தியாலக் கணக்கில் காசு. ஒருத்தன் காசு கட்டினால் மூன்று பேர் கதிரையைச் சுற்றி நிற்கலாம் என்பது எழுதாத சட்டம். சீடி எல்லாம் கள்ளச் சீடிதான். யாரும் அதை மறைக்கவுமில்லை.

அந்தக் கேமின் நகரத்துக்குப் பெயர் பேவியூ. எப்போதும் இரவு, தரை எப்போதும் மழை பெய்து முடிந்த மாதிரி மினுங்கும். மேலே வந்த பழைய கேம்களுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம். காரை அலங்கரிக்கும் கடை, என்ஜின் சாமான் கடை, பெயின்ட் கடை எல்லாம் நகரத்தில் ஒளிந்திருக்கும். பல கடைகளை வரைபடம் காட்டாது. நீங்களே தெருத் தெருவாகச் சுற்றி, ஒளிர்கிற ஒரு மூலையைக் கண்டு திரும்பினால்தான் அந்தக் கடை உங்களுக்குச் சொந்தமாகும். பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய கொரோலாவுக்குப் பக்கக் கண்ணாடி தேடி அலைந்தவர்களுக்கு இது புது விஷயமே இல்லை. எந்தக் கடையில் என்ன இருக்கும் என்று பலகையில் எழுதியிருக்காது, கேட்டுக் கேட்டு உள்ளே உள்ளே போக வேண்டும். கேமில் இருந்த கார்களும் தெரிந்த முகங்கள்தான்: ஸ்கைலைன், சிவிக், ஏஇ86 கொரோலா. ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கிய கார்களைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள். ஃபெராரியைப் பார்த்து வராத ஆசை ஸ்கைலைனைப் பார்த்து வந்தது.

ஒரு பிரச்சினை மட்டும். அமெரிக்க ஊர் என்பதால் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். நாங்கள் எல்லாரும் முதல் கிழமை முழுக்க இடப்பக்கம் ஏறி, எதிரே வருகிற வாகனத்தில் நேருக்கு நேர் மோதினோம். இன்றைக்குத் தொடங்குகிறவர்களும் மோதுவார்கள். ஹொரைசன் 5 நடப்பது மெக்சிக்கோவில், அங்கேயும் வலப்பக்கம்தான். அவுஸ்திரேலியாவில் நடக்கும் மூன்றாவது பாகமும் பிரிட்டனில் நடக்கும் நாலாவதும் எங்களைப்போல் இடப்பக்கம். அடுத்த பாகம் ஜப்பான் என்று 2025இல் அறிவித்தபோது எங்கள் குழுவில் நடந்த கொண்டாட்டத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

அண்டர்கிரவுண்ட் 2க்கு அடுத்த ஆண்டு, 2005 நவம்பரில், மோஸ்ட் வோன்டெட் வந்தது. அது கொழும்புக்குள் பரவி எல்லார் கைக்கும் வந்து சேர்ந்த காலமும், யுத்தம் திரும்பத் தொடங்கிய காலமும் ஒன்று.

எங்கள் ஊரின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. போர்த்துக்கேய மொழியில் 'பாஸோ' என்றால் கடவை, ஆற்றைக் கடக்கும் துறை. களனி கங்கையைக் கடக்கிற பெரிய துறை இங்கே இருந்ததால் கிராண்ட்பாஸ். ஆங்கிலேயர் காலத்தில், 1822இல், ஓடங்களை வரிசையாகக் கட்டி அதன்மேல் பலகை போட்டு ஒரு பாலம் அமைத்தார்கள். 1895இல் அதன் இடத்தில் விக்டோரியாப் பாலம் வந்தது. 2021இல் கம்பிவடங்கள் தாங்கும் புதிய களனிப் பாலம் திறந்தார்கள், இரவில் அதன் வெளிச்சத்தைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். ஆக, எந்தக் காலத்திலும் இது கடந்து போகிற இடம்.

2006க்குப் பிறகு இது நின்று போகிற இடமானது. பாலத்தடியில், சந்தியில், சில நாட்களில் வீட்டுத் தெருமுனையிலேயே செக்பாயின்ட். பஸ்ஸிலிருந்து இறங்கி வரிசையில் நின்று அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். அன்றைய அட்டையில் சிங்களவர்களுக்குச் சிங்களம் மட்டும் இருக்கும், தமிழ் பேசுகிறவர்களுக்குத் தமிழும் சேர்ந்து இருக்கும். வாயைத் திறக்க முதலே அட்டை கதைத்துவிடும். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த துண்டு வேறு. வன்னியிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ ஒரு சித்தப்பா வந்து தங்கினால் அந்தத் துண்டில் அவர் பெயர் ஏறும்வரை அம்மாவுக்குத் தூக்கம் இல்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டைப் பக்க லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் 376 பேரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்தது. ஆனால் அந்த ஒரு நாள் போதும், எங்கள் வீடுகளில் ஏழு மணிக்குப் பிறகு யாரும் வெளியே போகக்கூடாது என்று சட்டம் வர. பதினைந்து வயசுப் பொடியன் கடைக்குப் போவதென்றாலும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போ என்பார்கள். சின்னப் பிள்ளை கூட இருந்தால் குறைவாகக் கேட்பார்களாம்.

இப்போது மோஸ்ட் வோன்டெட்டை நினைத்துப் பாருங்கள். ராக்போர்ட் என்ற நகரம். தொடக்கத்தில் உங்களிடம் அந்த நீலமும் வெள்ளியுமான பிஎம்டபிள்யூ எம்3 ஜிடிஆர் இருக்கும். ரேசர் என்பவன் ஏமாற்றிப் பறித்துவிடுவான். பிறகு ஒரு சாதாரணக் காரில் தொடங்கி, பதினைந்து பேர் கொண்ட பட்டியலை ஒவ்வொருவராகத் தாண்டி மேலே போக வேண்டும். ரேஸ் வென்றால் மட்டும் போதாது, பொலிஸை எவ்வளவு அலையவிட்டீர்கள் என்றும் கணக்குப் பார்ப்பார்கள். சைரன் தொடங்கும். வீதித் தடை போடுவார்கள். டயரைக் கிழிக்கும் முள்ளுப் பட்டை விரிப்பார்கள். தடையில் இரண்டு வாகனங்களுக்கு இடையில் பின்பக்கமாக இடித்தால் உடைத்துக்கொண்டு போய்விடலாம் என்று எங்களுக்குத் தெரியும். எந்தப் பெட்ரோல் ஷெட்டுக்குள் பாய்ந்தால் பின்னால் வருகிற பொலிஸ் காரின் மேல் கூரை இடிந்து விழும் என்று தெரியும். துரத்தல் ஓயும்வரை எந்த ஒதுக்கில் விளக்கை அணைத்து நிற்கலாம் என்று தெரியும்.

அந்தக் கடையின் பின்பக்கத்தில் நாங்கள் அன்று செய்ததை இன்றைக்குப் பெரிய சொற்களில் எழுதிவிடலாம். எதிர்ப்பு, விடுதலை என்றெல்லாம். அப்படி ஒன்றும் இல்லை. நாங்கள் விளையாடினோம், அவ்வளவுதான். ஆனால் ஒரு விஷயம் உண்மை. எங்களில் ஒருத்தன் ரேஸே ஓட்டமாட்டான். காசு கட்டி உட்கார்ந்து, ராக்போர்ட்டில் சிக்னலில் நின்று, மெல்ல ஓட்டி, கடற்கரைப் பக்கம் போய், கொல்ஃப் மைதானத்தைச் சுற்றித் திரும்பி வருவான். எங்களுக்கு எரிச்சல் வரும். "ரேஸ் ஒண்டைப் போடேன்டா, நேரம் போகுது" என்று கத்துவோம். "சும்மா ஒரு ரவுண்ட் மச்சான்" என்பான். அவனுடைய அப்பா யாழ்ப்பாணம், அம்மா மட்டக்களப்பு. கொழும்பில் பிறந்தவன்தான், ஆனாலும் அட்டையில் விலாசம் வேறு. ஒரு செக்பாயின்டில் அவனை இறக்கி மூன்று மணித்தியாலம் வைத்திருந்த கதை எங்களுக்குப் பிறகுதான் தெரியும். கேமில் செக்பாயின்ட் என்றால் ஒளிர்கிற வளையம், அதற்குள் நுழைந்தால் மேலே போகலாம். அந்தச் சொல்லுக்கு அவன் அறிந்த மற்ற அர்த்தம் வேறு. அவன் இப்போது ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறான்.

அவன் செய்ததுதான் சரி என்று விளங்க எங்களுக்குப் பல வருஷம் எடுத்தது. அதைக் கேம் செய்கிறவர்களும் அதே காலத்தில் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். 2006இல் பிரான்ஸின் ஈடன் கேம்ஸ் டெஸ்ட் டிரைவ் அன்லிமிடெட் கேமில் ஹவாயின் ஒவாஹு தீவையே கிட்டத்தட்ட உண்மையான அளவில் போட்டார்கள். தீவைச் சுற்றி வர ஒரு பின்னேரம் போகும், அதுதான் விளையாட்டு. 2008இல் பேர்ன்அவுட் பாரடைஸ் மெனுவையே தூக்கியெறிந்தது. எந்தச் சிக்னல் சந்தியில் நின்று அழுத்தினாலும் அங்கிருந்து ஒரு ரேஸ் தொடங்கும். தோற்றால் திரும்பத் தொடங்கும் வசதி முதலில் இல்லை, தோற்ற இடத்திலிருந்து ஊரைச் சுற்றி வா என்றுவிட்டார்கள். ஆட்கள் சத்தம் போட்டதால் பிறகு சேர்த்தார்கள். 2012இல் பிளேகிரவுண்ட் கேம்ஸ் முதல் ஃபோர்ஸா ஹொரைசனை அமெரிக்காவின் கொலராடோவில் போட்டபோது, ரேஸ் ஒரு திருவிழாவின் ஒரு மூலையானது. மோதினால் காலத்தைப் பின்னால் இழுக்கும் ரீவைண்ட் பட்டனும் அதில் வந்தது. டிரைவர் கேமின் தரிப்பிடத்திலிருந்து அந்த பட்டனுக்கு வர 13 வருஷம்.

அதனால் தம்பிக்கு நாங்கள் சொன்னது இதுதான். அந்த சுப்பர் காரை கராஜுக்குள் போடு. டி அல்லது சி வகுப்பில் பழைய கார் ஒன்றை எடு. ஹொரைசன் 5இல் 1963 பீட்டில் இருக்கிறது, நல்ல வாத்தியார் அது. மெதுவாகப் போவதால் எங்கே பிரேக் பிடிக்க வேண்டும் என்று கண்ணுக்கு விளங்கும். கியர் தானியங்கியில் இருக்கட்டும், ஏபிஎஸ்ஸையும் இழுவைக் கட்டுப்பாட்டையும் போட்டு வை. வீதியில் விழும் வழிகாட்டிக் கோட்டை முழுவதும் வைக்காதே, பிரேக் பிடிக்கும் இடத்தில் மட்டும் காட்டச் சொல். முழுக்கோடு இருந்தால் நீ கோட்டைப் பார்ப்பாய், வீதியைப் பார்க்கமாட்டாய். வளைவுக்கு முதல், கார் நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து முடி. வளைவுக்குள் காலை எடு. வெளியே வரும்போதுதான் ஆக்சிலரேட்டர், அதுவும் மெல்ல. கீபோர்டில் பாதி அழுத்தம் என்று ஒன்று இல்லை, அதனால் தட்டித் தட்டி விடு. முடிந்தால் பழைய கன்ட்ரோலர் ஒன்று தேடு. ரீவைண்ட் பட்டனுக்கு வெட்கப்படாதே. எதிராளிகளின் மட்டத்தைக் கடைசிக்கு இறக்கு, யாரும் பார்க்கப் போவதில்லை. எல்லாவற்றுக்கும் முதல், ஒரு கிழமைக்கு ரேஸ் வேண்டாம்.

"ஒரு கிழமை சும்மா ஓட்டுறதா?" என்று முகத்தைச் சுளித்தான். அவனுக்கு இப்போது பதினாறு. செக்பாயின்ட் ஞாபகம் இல்லை. ஆனால் அவனுடைய தலைமுறைக்கும் வீதி மூடித்தான் இருந்தது, வேறு விதமாக. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறக்க 2025 பெப்ரவரி ஆனது. பழைய விட்ஸ் ஒன்றின் விலையில் முன்பு காணியே வாங்கலாம் என்று பெரியவர்கள் புலம்புவார்கள். 2022இல் பெட்ரோல் வரிசை, பிறகு கியூஆர் கோட், மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீட்டர், ஓட்டோவுக்கு ஐந்து. அவனுடைய அப்பா ஓட்டோதான் ஓட்டுகிறார். அந்த ஐந்து லீட்டர் அவர்கள் வீட்டில் அடுப்புக் கணக்கு. மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டு வந்தபோது கேமும் இல்லை. பதினெட்டு வயதில் லைசன் எடுத்தாலும் இவனுக்கு ஓட்ட என்ன கார் கிடைக்கப் போகிறது?

இன்னொரு விஷயத்தையும் அவனிடம் சொன்னோம், அது கொஞ்சம் கசப்பு. 2014 டிசம்பரில் யுபிசொஃப்ட் வெளியிட்ட த க்ரூ, அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாகத் தந்தது. கரையிலிருந்து கரைக்கு ஓட்டலாம். தனியே ஓட்டினாலும் நிறுவனத்தின் சேர்வரோடு இணைந்திருக்க வேண்டும். 2024 மார்ச் 31ஆம் திகதி சேர்வரை நிறுத்தினார்கள். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க் கையில் இருந்தும் ஓடவில்லை. அதை எதிர்த்துத்தான் கேம்களைக் கொல்லாதே என்ற இயக்கம் தொடங்கியது. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியத்தில் அவர்களுடைய மனுவுக்குப் பத்து லட்சம் கையொப்பத்துக்கு மேல் சேர்ந்தது. ரசிகர்கள் சிலர் தாங்களாகவே சேர்வர் கட்டி அந்தக் கேமைத் திரும்ப ஓடவைத்தார்கள். ஹொரைசன் 4 அந்த அளவுக்குப் போகவில்லை. வாங்கினவர்களிடம் அது இருக்கிறது, ஆனால் கார்களுக்கும் பாட்டுகளுக்குமான உரிமக் காலம் முடிந்ததால் 2024 டிசம்பர் 15இலிருந்து கடையில் புதிதாக வாங்க முடியாது. இடப்பக்கம் ஓட்டிப் பழக எங்களுக்கு இருந்த நல்ல ஊர்களில் ஒன்று.

எங்களில் ஒருத்தர் வீட்டு அலுமாரியில் அந்தக் கள்ளச் சீடி இன்னும் இருக்கிறது. உறையில் மார்க்கரால் எழுதிய இலக்கம் பாதி அழிந்துவிட்டது. போன வருஷம் பழைய கணினி ஒன்றில் போட்டுப் பார்த்தோம், ராக்போர்ட் திறந்தது. களவு சரி என்று சொல்ல வரவில்லை. காசு கொடுத்தவனுடைய ஊரைப் பூட்டிவிட்டார்கள், கொடுக்காத எங்களுடைய ஊர் திறந்திருக்கிறது. இதை நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் கொஞ்சம் கூச்சமும் வருகிறது.

முந்தாநாள் தம்பியைச் சந்தியில் கண்டோம். எத்தனை ரேஸ் வென்றாய் என்று கேட்டோம்.

"ஒண்டும் இல்ல. குவானஹுவாட்டோன்னு ஒரு டவுன் இருக்கு அண்ணா. ரோட்டெல்லாம் நம்ம லேன் மாதிரி, பீட்டில் மட்டுந்தான் சுகமாப் போகும். அதுக்குக் கீழால சுரங்கம் ஒண்டு ஓடுது. உள்ளுக்க போனா எங்க வெளிய வரும்னு இன்னும் எனக்குப் பிடிபடல. வீட்ட வாங்களேன், காட்டுறன்."